பந்தியில் கடைசி ஆள்

"அம்மா, ஒண்ணு அந்த ஆளு இந்த மடத்துல இருக்கணும். இல்லன்னா நான் இருக்கணும்."

குரு முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எந்த ஆளு?"

"மாசானம்."

"போன மாசம் எந்த ஆளு?"

போன மாதம் சீடர் புகார் சொன்னது சமையல் செய்கிற கோமதியைப் பற்றி. அவள் தாளிக்கும்போது தனக்குத்தானே பேசிக்கொள்கிறாளாம். அதற்கு முந்தைய மாதம் ஒரு பெரியவரைப் பற்றி. சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டு, அந்த ஏப்பத்துக்குத் தானே "சிவ சிவா" சொல்லிக்கொள்வார் அவர்.

"சரி, மாசானம் என்ன செய்தாரு?"

"சாப்பிடுதாரு."

"அதுக்குத்தானே சோறு போடுதோம்?"

"மெதுவாச் சாப்பிடுதாரும்மா!"

இதைச் சொல்லும்போது சீடரின் குரலே உடைந்துவிட்டது. மனிதர் அவ்வளவு நொந்துபோயிருந்தார்.

சீடர் என்றதும் கமண்டலமும் கையுமாக ஓர் இளைஞனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இந்தச் சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. பெயர் வைத்தியலிங்கம். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

குரு சங்கரவடிவு அம்மைக்கு அவரைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. "சீடனை யாராவது சார்வாள்னு கூப்பிடுவாங்களாம்மா? பேரச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று அவரும் கேட்டுப் பார்த்தார். குருவும் முயன்று பார்த்தார். வாய் வரவில்லை. ஊரே சார்வாள் என்கிறது, குரு மட்டும் என்ன செய்வார்?

அந்த மடத்தில் பெரிய சாத்திர விசாரமெல்லாம் கிடையாது. மத்தியானம் ஒரு வேளை சோறு. யார் வந்தாலும் இலை உண்டு. ஊர் பேர் கேட்பதில்லை. பந்திக்கு ஒரே ஒரு விதி. கடைசி ஆள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எழக் கூடாது. குருவும் எழக் கூடாது. முடித்தவர்கள் எச்சில் கையை வேட்டியில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. உட்கார்ந்து பார்த்தால் தெரியும். கை காய்ந்து இழுக்கும். ஈ வரும். கால் மரத்துப்போகும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எத்தனை முறைதான் சிரிப்பது?

மாசானம் வந்து சேர்ந்த பிறகு அந்தக் காத்திருப்பு நீண்டுகொண்டே போயிற்று.

மாசானம் சோற்றைப் பிசைவார். பிசைந்ததைப் பார்ப்பார். உருட்டுவார். உருட்டியதை இலையின் அந்தக் கோடிக்குக் கொண்டுபோய் அவியலில் தொட்டு, கொஞ்சம் யோசித்து, வாயில் வைப்பார். மெல்லுவார். மென்றுகொண்டே இருப்பார். அது உள்ளே போய்ச் சேர்ந்தது உறுதியான பிறகுதான் அடுத்த உருண்டை. அவர் அப்பளத்தை நொறுக்கும் சத்தம் கேட்டால் பந்தியே நிமிர்ந்து பார்க்கும். அப்பளத்துக்கு வந்துவிட்டார், இனி மோர்தான் பாக்கி என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

"நேத்து மோர் ஊத்துன பொறவு மறுபடி ரசம் கேக்காரும்மா! மோருக்கு அப்புறம் ரசம்! இது எந்த ஊரு நியாயம்?"

"நேத்து ரசம் நல்லா இருந்துது" என்றார் குரு.

"அம்மா!"

"சரி, சரி. ஏன் மெதுவாச் சாப்பிடுதாராம்?"

"திமிரு."

"அவரு சொன்னாரா?"

"திமிரு பிடிச்சவன் எனக்குத் திமிருன்னு சொல்லுவானா? காலம்பூரா பிள்ளைகளப் பாத்தவன்மா நான். மூஞ்சியப் பாத்தாலே சொல்லிருவேன். இத்தன பேரக் காக்க வச்சுப் பாக்கதுல அவருக்கு ஒரு சொகம்."

குரு ஒரு கொத்தை முழுக்க உருவினார். வெறும் காம்பைச் சார்வாளின் உள்ளங்கையில் வைத்தார்.

சார்வாள் காம்பைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் கனிந்தது.

"புரியுதும்மா. இலையெல்லாம் போன பொறவு மிஞ்சுதது காம்பு. அது மாதிரி, ஆசையெல்லாம் போன பொறவு..."

"குப்பையில போடச் சொல்லித் தந்தேன். கூடை உங்க பக்கம் இருக்கு."

சார்வாள் காம்பைக் கூடையில் போட்டார்.

"சார்வாள், கேளுங்க. இந்த மடத்துல புகார் சொன்னவருதான் தீர்ப்பும் சொல்லணும். போகச் சொல்லணும்னா அதையும் அவரேதான் போய்ச் சொல்லணும். எங்க குரு வச்ச வழக்கம் இது. நான் குறுக்க வர மாட்டேன்."

"ரொம்ப நல்லது."

"இருங்க, முடிக்கல்ல. அதுக்கு முன்னால அந்த ஆளு என்ன சொல்லுதாருன்னு முழுசாக் கேட்டு எனக்கு வந்து சொல்லணும். அதுவும் வழக்கந்தான். இன்னொண்ணு, இந்தப் பந்திய விட்டா மாசானத்துக்கு வேற எங்கயும் இல கிடையாது. அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் பேசுங்க."

இரண்டாவது பாதியைக் குரு முதுகிடம்தான் சொன்னார். சார்வாள் அதற்குள் எழுந்து போய்க்கொண்டிருந்தார்.

மாசானம் கிணற்றடியில் துண்டு துவைத்துக்கொண்டிருந்தார்.

"வே, மாசானம்! நீரு ஏன் இப்படி மெதுவாச் சாப்பிடுதீரு?"

மாசானம் துண்டைப் பிழிந்தார். உதறினார். கொடியில் போட்டார். இரண்டு ஓரமும் சமமாகத் தொங்குகிறதா என்று பார்த்தார். பிறகு திரும்பினார்.

"நான்..." என்றார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். மாசானம் சாப்பிடுகிற மாதிரியேதான் பேசுவார். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நாம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். ஊமை இல்லை, திக்குவாய் இல்லை, மறதியும் இல்லை. அவர் பேச்சின் நடை அது. ஆனால் எதிரில் நிற்பவருக்கு நாக்கு துறுதுறுக்கும், நாமே மிச்சத்தைச் சொல்லி முடித்துவிடலாமா என்று.

"நான்... வந்து... பல்லு..."

"பல்லா? பல்வலியா! அட மனுஷா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"

மாசானத்தின் வாய் திறந்தபடியே இருந்தது. சார்வாள் பாதி முற்றம் தாண்டியிருந்தார்.

"பாவம்மா. பல்வலியாம். இதப் போயித் திமிருன்னுட்டேன்."

"பல்வலின்னு சொன்னாரா?"

"பல்லுன்னாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா? பல்லுன்னா வலிதானே. எனக்குப் பல் செட்டு கட்டுன புதுசுல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வாய் மெல்ல முடியாது."

குரு கண்களை மூடிக்கொண்டார். தியானம் இல்லை. எரிச்சல்.

"முழுசாக் கேளுங்கன்னேம்லா?"

"கேக்க வேண்டியதக் கேட்டாச்சும்மா. மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்."

பார்த்துக்கொண்டார். மறுநாள் மாசானத்துக்கு மட்டும் தனியாகச் சோறு குழைய வடிக்கச் சொன்னார். "ஒத்த ஆளுக்குத் தனி உலையா?" என்று கோமதி அடுப்பைப் பார்த்து முணுமுணுத்தாள். அவளுக்கும் அடுப்புக்கும் அப்படி ஒரு பேச்சுவார்த்தை உண்டு.

இலையில் குழைந்த சோறு வந்து விழுந்தது. அப்பளம் வரவில்லை. மாசானம் பக்கத்து இலையின் அப்பளத்தைப் பார்த்தார்.

"எனக்கு... அப்பளம்..."

"ஆகாதுவே! பல்லுக்கு ஆகாது!" என்று பந்தியின் தலைப்பிலிருந்து சார்வாள் குரல் கொடுத்தார்.

மாசானம் அந்தக் கூழை வழித்து வழித்துச் சாப்பிட்டார். விரலில் ஒட்டியதைச் சேர்க்கவே தனி நேரம் ஆயிற்று. அன்று பந்தி எழுந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சாயங்காலம் மாசானம் தோட்டத்தில் ஒரு கொய்யாக்காயை, பழம் இல்லை காய், நறுக் நறுக்கென்று கடித்துத் தின்பதைக் கோமதி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"பல்லுக்கு ஒரு கேடும் இல்ல சார்வாள். என் பல்ல விட உறுதியா இருக்கு."

சார்வாள் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பிடிக்கும். கேட்பதைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும்.

மறுநாள் சாப்பாட்டுக்குப் பிறகு மாசானம் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார். சார்வாள் தூரத்திலிருந்தே பார்த்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உம்ம வீட்டுக்காரி..?"

மாசானம் தெற்கேயே பார்த்தார்.

"அவ..."

நின்றது. காற்றடித்து வேப்பம்பூ இரண்டு பேர் மேலும் விழுந்தது.

"சொல்ல வேண்டாம்வே" என்றார் சார்வாள். கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியும். சொல்லவே வேண்டாம்."

எழுந்து நேரே குருவிடம் போனார்.

"சம்சாரம் போயிட்டாம்மா அவருக்கு. அந்தத் துக்கந்தான். துக்கப்பட்டவனுக்குச் சோறு எங்க எறங்கும்?"

"அவரு சொன்னாரா?"

"'அவ'ன்னாரு. அதுக்கு மேல பேச முடியாமத் தொண்ட அடைச்சுப் போச்சு."

"யாருக்கு?"

சார்வாள் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழவில்லை.

அடுத்த நாள் பந்தியில் இலை போட்டு உப்பு வைத்ததும் சார்வாள் எழுந்து நின்றார். பள்ளிக்கூடத்து வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்பது போலவே நின்றார்.

"நம்ம நடுவுல ஒரு துயரப்பட்ட ஜீவன் உக்காந்திருக்கு. மெதுவாச் சாப்பிடுதாருன்னு நாமெல்லாம் மொனங்கினோம். பல்லக் கடிச்சோம். வாழ்க்கைத் துணைய இழந்தவனோட வலி நமக்குத் தெரியுமா?"

பேச்சு நீண்டது. நல்ல பேச்சு என்றுதான் சொல்ல வேண்டும். ஏப்பக்காரப் பெரியவர் மூக்கை உறிஞ்சினார். கோமதி மாசானத்தின் இலையில் கூடுதலாக ஒரு வடை வைத்தாள். அவியல் ஆறிக்கொண்டிருந்தது.

மாசானம் கையைத் தூக்கினார்.

"அவ..."

"உச்சு, உச்சு" என்றது பந்தி.

"தம்பி வீட்டுல..."

சார்வாள் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்ததால் யாரும் குறுக்கே பேசவில்லை. அதனால்தான் அந்த வாக்கியம் உலகத்துக்கு வந்து சேர்ந்தது.

"இருக்கா. நடவு... வேலைக்கு... போயிருக்கா. நல்லா... இருக்கா."

யாரோ சிரித்தார்கள். ஒருவர் சிரித்ததும் வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. கோமதி வடையைத் திருப்பி எடுக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு விட்டுவிட்டாள். மாசானமும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு.

சார்வாள் மட்டும் சிரிக்கவில்லை. காது மடல் சிவந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷத்தில் எந்தக் கூட்டத்திலும் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

மறுநாள் காலையில் அவர் குருவின் முன்னால் வந்து நின்றபோது உட்காரவில்லை.

"தீர்ப்புக்கு வந்துட்டேன்மா."

"முழுசாக் கேட்டீயளா?"

"கேக்கதுக்கு இனி ஒண்ணும் இல்ல. வேணும்னேதான் செய்தாரு. பந்தியில வச்சு என்னக் கேலிப் பொருளாக்கிட்டாரு. நான் மொதல்ல சொன்னதுதான் சரி. திமிரு."

"அவரு பொஞ்சாதி உசுரோட இருக்கது அவரு குத்தமா?"

"மடத்துக்கு ஒரு ஒழுங்கு வேண்டாமாம்மா?"

"சார்வாள், அவருக்கு வேற இல கிடையாது."

"நான் தீர்ப்புச் சொல்லியாச்சு."

குரு கீரை முறத்தைத் தள்ளி வைத்தார்.

"வழக்கம் வழக்கந்தான். போங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க."

சார்வாள் போனார். மாசானம் மடத்து வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார். யாரும் பெருக்கச் சொல்லவில்லை.

"வே, இன்னையிலேருந்து உமக்கு இங்க இல கிடையாது. பஸ் ஏறி ஊரு போய்ச் சேரும்."

விளக்குமாறு நின்றது.

"சார்வாள்... நான்... இங்க..."

"விளக்கம் வேண்டாம். உம்ம விளக்கத்தக் கேக்க ஆரம்பிச்சா பொழுது அடைஞ்சிரும்."

மாசானம் விளக்குமாற்றைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து நான்காக மடித்தார். பையில் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பி நின்று வாய் திறந்தார். சார்வாள் கையை வீசிப் "போம், போம்" என்றார்.

அன்று மத்தியானப் பந்தியில் சார்வாளுக்கு மனசு இறகாக இருந்தது.

"இன்னைக்கு எல்லாரும் காலாகாலத்துல எந்திரிச்சிரலாம்" என்று அறிவித்தார்.

எல்லோரும் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

சார்வாள் நிம்மதியாகச் சாப்பிட்டார். ஒரு வாய் எடுப்பார். அதை மென்றபடி வரிசையைப் பார்வையிடுவார். அந்தப் பக்கம் ஒருவர் சோற்றில் பாத்தி கட்டிச் சாம்பாரைத் தேக்குவதைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். இந்தப் பக்கம் ஒரு அம்மா கறிவேப்பிலையைப் பொறுக்கி இலைக்கு வெளியே வைப்பதைப் பார்த்து, "அது கண்ணுக்கு நல்லதும்மா" என்பார். ஊறுகாய் இரண்டாம் முறை யாருக்குப் போகிறது என்று பார்ப்பார். அப்புறம் அடுத்த வாய். கோமதியைக் கூப்பிட்டு, புளி ஒரு மாத்து கூடிவிட்டது, ஆனால் மோசமில்லை என்று சொல்வார். அப்புறம் அடுத்த வாய்.

ஏப்பம் கேட்டது. "சிவ சிவா" கேட்டது.

அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

சார்வாள் நிமிர்ந்தார். வரிசை முழுக்க எச்சில் கைகள் அந்தரத்தில் நின்றன. ஈ மொய்த்தது. ஒருவர் காலை மாற்றிப் போட்டுக்கொண்டார். இன்னொருவர் கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சார்வாளின் கண் தானாகவே வரிசையின் கோடிக்கு, மாசானம் உட்காரும் தூணடிக்குப் போனது. அங்கே யாரும் இல்லை.

"யாருவே அது இன்னும் முடிக்காம?" என்று அதட்டினார்.

எல்லோரும் ஒரே இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. அவியல் தொடப்படவில்லை. ரசம் இன்னும் வரவில்லை.

கோமதி ரசச் செம்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

"இப்பம் ரசம் ஊத்தட்டுமா சார்வாள், இல்ல இன்னும் நேரம் ஆகுமா?"

சார்வாள் குனிந்தார். அள்ளி அள்ளி வாயில் போட்டார். புரையேறியது. தண்ணீர் குடித்தார். மறுபடி அள்ளினார். பந்தி எழுந்ததும் கையைக்கூடக் கழுவாமல் கிணற்றடிக்குக் குருவைத் தேடிப் போனார்.

"அம்மா, மாசானம் வாரதுக்கு முன்னால கடைசி ஆளு யாரு?"

"நீங்கதான்."

"என்னைக்கிலேருந்து?"

"வந்த அன்னையிலேருந்து."

"எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களே. நான் மரியாதைக்குன்னுல்லா நெனச்சேன்!"

குரு தண்ணீர் மொண்டு கையில் ஊற்றிக்கொண்டார்.

"ஏம்மா ஒருத்தர்கூடச் சொல்லல்ல?"

"யாரச் சொல்ல விட்டீய?"

சார்வாள் நின்றார். முகம் வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் அதே முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. குருவுக்கு அந்த வெளிச்சம் தெரியும். அதைக் கண்டாலே பயம்.

"அம்மா! புரிஞ்சு போச்சும்மா!"

"என்ன புரிஞ்சுது?"

"எனக்கு அவமானம் வந்துரக் கூடாதேன்னு, எனக்குப் பின்னால முடிக்கணும்னே மெதுவாச் சாப்பிட்டிருக்காரு! பழியெல்லாம் தன் தலையில போட்டுக்கிட்டு! நான் வெரட்டும்போதுகூட வாயத் திறக்கல்லியே! மகான்மா அவரு! மகான்!"

குரு தலையில் அடித்துக்கொண்டார். பேச்சுக்கு இல்லை. மெய்யாகவே, ஈரக் கையால், பட்டென்று.

"இத அவரு சொன்னாரா?"

சார்வாள் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். நடை பிறகு ஓட்டமாக மாறியது.

மாசானம் போயிருக்கவில்லை. காலை பஸ் வந்து நின்றபோது அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். போட்டு முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்காக மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். மத்தியானம் சாப்பிடவில்லை.

சார்வாள் மூச்சு வாங்க அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மாசானம், உண்மையச் சொல்லுங்க." 'நீரு' போய் 'நீங்க' வந்திருந்தது. "எனக்காகத்தானே மெதுவாச் சாப்பிட்டீங்க?"

மாசானம் அவரைப் பார்த்தார். யோசித்தார்.

"எனக்கு..."

சார்வாளின் நாக்கில் அடுத்த சொல் தயாராக வந்து நின்றது. அதற்கு அடுத்த சொல்லும் நின்றது. நாக்கைக் கடித்துக்கொண்டார். பல் செட்டு நல்ல உறுதி. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வளைவில் பஸ் தெரிந்தது. புழுதியோடு வந்து நின்றது.

"ஏறுதீயளா, இல்லியா?" என்றார் கண்டக்டர்.

"நான்..." என்றார் மாசானம்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் போய்விட்டது.

"யோவ்! அந்த மனுஷன் பேசிக்கிட்டுல்லா இருக்காரு!" என்று சார்வாள் பஸ்ஸின் பின்னால் கத்தினார். ஒரு ஆளுக்கு ஒரு வாக்கியம் முடிக்க நேரம் கொடுக்கக் கூடாதா? என்ன ஜனங்கள்!

புழுதி அடங்கியது. சார்வாள் மறுபடி உட்கார்ந்தார்.

"நீங்க... மெதுவாச் சாப்பிடுதது..." என்றார் மாசானம். ஒரு மாடு ரோட்டைக் கடந்தது. "எனக்குத் தெரியாது சார்வாள். நான்... என் இலையத்தான்... பாப்பேன்."

சார்வாளுக்குள் மகான் ஒருவர் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்.

"பின்ன ஏன்?"

"ருசியா... இருந்துது."

அவ்வளவுதானா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. நல்லவேளை. இன்னும் இருந்தது.

"அவ தம்பி வீட்டுல... நான் பாதி திங்கும்போதே... தட்ட எடுத்துருவாங்க. அதான்... அவள அங்க விட்டுட்டு... வந்துட்டேன். இங்க... கடைசி ஆளு முடிக்கிற மட்டும்... யாரும் இலைய... எடுக்க மாட்டாங்கன்னு... சொன்னாங்க."

சார்வாள் தன் கையைப் பார்த்தார். கழுவாத எச்சில் கை. காய்ந்துபோய் இருந்தது.

"நான் எடுத்துட்டேன்" என்றார்.

மாசானம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"வாங்க. மடத்துக்குப் போவோம். போகச் சொன்னவன் நான்தானே, வரச் சொல்லுதவனும் நானாத்தான் இருக்கணும். கோமதிட்டச் சொல்லி உல வைக்கச் சொல்லுதேன். அப்பளமும் பொரிக்கச் சொல்லுதேன். எவ்வளவு நேரம் வேணும்னாலும் சாப்பிடுங்க. நான் உக்காந்திருக்கேன்."

மாசானம் எழவில்லை. எதையோ மென்றுகொண்டிருந்தது போல் இருந்தது அவர் முகம். கடைசியில் கேட்டார்.

"நீங்க... ஏன் சார்வாள்... மெதுவா?"

இதற்குப் பதில் சார்வாளிடம் தயாராக இருந்தது. பந்தி என்றால் யாராவது ஒருவர் மேற்பார்வை பார்க்க வேண்டாமா, நான் பார்க்காவிட்டால் யார் பார்ப்பது என்று அழகான பதில். அதைச் சொல்ல வாய் திறந்தார்.

அது வரவில்லை.

"வீட்டுல..." என்றார்.

மாசானம் அவர் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"அவ போன பொறவு... இந்தப் பந்தியில உக்காந்திருக்க நேரந்தான்... நாலு பேரோட இருக்கேன். எந்திரிச்சிட்டா... அதுக்கு மேல... எனக்கு..."

அடுத்த சொல் வரவில்லை. தேடினார். வரவில்லை. ஒரு சைக்கிள் போயிற்று. எதிர்ப்பக்கத்து வயலில் கொக்குகள் எழுந்து இன்னொரு வயலில் போய் உட்கார்ந்தன. சார்வாளின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மாசானம் பார்த்தபடி இருந்தார். ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவில்லை.